உறுதி எழுதிய பின் பதினொரு நாட்கள்

கந்தப்பளை டவுனில் பேக்கரிக்குப் பின்னால் ஏறிப்போகும் பாதையில் மூன்றாவதாக நின்ற தகரக்கூரை வீடு, ஐம்பதுகளின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் எங்களுடையதாயிற்று. நாங்கள் அதற்குள் கால் வைத்தது அடுத்த வாரத்துச் சனிக்கிழமை காலையில்தான். இடையில் இருந்த நாட்களில் அந்த வீடு யார் கையில் இருந்தது என்று கேட்டால் சட்டம் ஒரு பதில் சொல்லும். நான் கண்ணால் கண்டது வேறொன்று.

அப்பா கந்தப்பளைக்கும் இராகலைக்கும் இடையிலிருந்த ஒரு தோட்டத்தின் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் இயந்திரத்தடியில், தம் வாலிபம் முழுவதையும் கழித்தவர். நெஞ்சுச் சளி அவரை நிறுத்தியது. அம்மாவுக்கு அதற்கு முன்பே முழங்கால் விட்டுப்போய், மலை ஏறிக் கொழுந்தெடுக்க முடியாமல் ஆகியிருந்தது. நான் இராகலைப் பக்கத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆகவே, எங்கள் குடும்பத்திலிருந்து தோட்டத்துக்குப் பேர் பதிந்தவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. பேர் இல்லாதவருக்கு, வரிசையாகக் கட்டிய தோட்டக் குடியிருப்பான லயத்தில் காம்பராவும் இல்லை. மாதக் கடைசிக்குள் ஒற்றை அறையையும் முன்னாலுள்ள இஸ்தோப்புத் திண்ணையையும் காலி செய்து கொடுத்துவிட வேண்டும் என்று தோட்டத்து ஆபீஸ் சொல்லியிருந்தது. நான் பிறந்ததும் அம்மா என்னைத் தூளியில் ஆட்டியதும் அந்த அறையில்தான். ஆயினும் ஒரு வரி எழுத்தில் அதிலிருந்து எங்களை வெளியேற்றிவிட முடியும் என்பதை நாங்கள் எப்போதும் அறிந்தே இருந்தோம். வார்த்தை சொல்லி யாரும் எழுப்பிவிட முடியாத ஓரிடத்தில் கடைசிக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஒரே ஆசை.

வீட்டை விற்றவர் மனைவியை இழந்த ஒரு சிங்களப் பெரியவர். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக எங்கள் பக்கம் ஓடிய சின்ன ரயிலில் வேலை பார்த்தவர். ரயில் நின்று, தண்டவாளங்களையும் பெயர்த்துக்கொண்டு போன பின்பும் அவர் அங்கேயே தங்கியிருந்தார். இப்போது கீழ்நாட்டில் மகள் வீட்டோடு போய்ச் சேர எண்ணியிருந்தார். எல்லோரும் அவரை ‘ஐயா’ என்ற பொருளில் மாத்தயா என்றே அழைத்தோம்.

வீட்டுப் பத்திரமான உறுதி நுவரெலியாவில், பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் எழுதப்பட்டது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஆங்கிலத்தில் இருந்ததை ஒருமுறை உரக்க வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டி, “பிள்ளையும் ஒருக்கா வாசிச்சுப் பாரும்” என்றார். நான் வரி விடாமல் வாசித்தேன். வீடும் நிலமும் அவற்றின் உடைமையும் அன்றைய தினமே வாங்குபவரிடம் சேர்கின்றன என்ற வாக்கியத்தை என் கண்களாலேயே படித்தேன். மாத்தயா கையெழுத்திட்டார். அப்பா, ஒவ்வோர் எழுத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தம் பெயரைத் தமிழில் எழுதினார்.

“இண்டையில இருந்து வீடு உங்கட,” என்றார் நொத்தாரிசு. “உறுதியைக் காணிக் கந்தோருக்குப் பதிவுக்கு அனுப்பப் போறன். திரும்பி வந்தோடன சொல்லி அனுப்புறன், வந்து எடுத்துக்கொண்டு போங்கோ.”

வெளியே வந்ததும் மாத்தயா அப்பாவிடம், வியாழக்கிழமைக்குள் சாமான்களை அனுப்பிவிடுவதாகவும் அதன்பின் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றும் சிங்களத்தில் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். நாங்கள் பஸ்ஸில் லயத்துக்குத் திரும்பினோம்.

அதன்பிறகு நாங்கள் காத்திருந்தோம்.

எதற்குக் காத்திருந்தோம் என்று இன்று ஒருவருக்கு விளக்குவது கடினம். தோட்டத்தில் எதுவும் ஒரு துண்டு இல்லாமல் நடவாது. ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டு. அரிசி வாங்கத் துண்டு. அறைக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்றாலும் ஆபீஸிலிருந்து எழுதிவந்த ஒரு சிறு காகிதம் வேண்டும். அந்த ஆண்டுகளில் எங்கள் மக்களில் பாதிப்பேர், பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டுவிட்டு, ஏதோவொரு கந்தோரிலிருந்து வரவேண்டிய பதிலை எதிர்பார்த்தே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட வாழ்க்கையில், ‘சொல்லி அனுப்புறன்’ என்று ஒரு படித்த மனிதர் சொன்னால், அது வீட்டுக்குள் போவதற்கான அனுமதி என்றுதான் அப்பா புரிந்துகொண்டார். அதில் வியப்பில்லை. உறுதியை எழுத்தெழுத்தாகப் படித்த நானும் அப்படியே புரிந்துகொண்டேன் என்பதுதான் இன்றும் என்னைத் தலைகுனியச் செய்வது. படித்த வாக்கியம் கண்ணோடு நின்றுவிட்டது. பழகிய வாழ்க்கை அதைவிட ஆழத்தில் இருந்தது.

பக்கத்துக் காம்பராக்காரி வாய்த்துடுக்கானவள். பீலிக்கரையில் குடத்தோடு நின்ற அம்மாவை அவள் விடவில்லை.

“என்னாக்கா, பங்களா வாங்குனவங்க இன்னும் எங்க பீலியிலயே தண்ணி புடிக்கிறீங்க? பங்களாவுல கொழா பூட்டலியா?”

“பூட்டுனதும் உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்,” என்றாள் அம்மா. “இப்ப வந்து கொடத்தத் தூக்கி வையி.”

இரண்டாம் வாரத் தொடக்கத்தில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“மாசக் கடைசி நெருங்குதுங்க. பின் லயத்துல புதுசாக் கல்யாணம் முடிச்ச ரெண்டு புள்ளைங்க மாமியா வீட்டு இஸ்தோப்புல படுத்துக் கெடக்குதுங்க. காம்பராவ ஒழிச்சுக் குடுத்துருங்க.”

“குடுத்துர்றேங்க,” என்றார் அப்பா. “அங்க உள்ள போக இன்னும் உத்தரவு வரலீங்க.”

“அதுவும் சரிதான். உத்தரவு இல்லாம எப்பிடிப் போறது?” என்று கணக்கப்பிள்ளையும் ஒப்புக்கொண்டு இறங்கிப் போனார். அவருக்கும் அதில் ஒரு பிழையும் தோன்றவில்லை.

உத்தரவு வராமல் மாதம் முடிந்துவிட்டால் நாங்கள் எங்கே போவது? அதை அப்பா வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் தபால்காரன் ஏறிவரும் குறுக்குப்பாதையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கணக்கப்பிள்ளை வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தோம். பேக்கரியை நெருங்கியதும் அவர் எங்களை வீதியின் மறுபக்கத்துக்கு நடத்திச் சென்றார்.

“அந்தப் பக்கம் தலை காட்டாதீங்க. நாம எட்டிப் பார்த்தா, பெரியவர வெரட்ட வந்தாப்புல ஆயிரும்,” என்றார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “நம்ம வீட்ட நாமளே பார்க்கக் கூடாதா? நல்லாத்தான் வாங்குனீங்க வீடு!” என்றாள். இருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்து மாத அறிக்கையைத் தபாலில் சேர்க்க நான் தனியாகக் கந்தப்பளைக்குப் போயிருந்தேன். தபாற்கந்தோரிலிருந்து வெளிப்பட்டபோது, “டீச்சர்! டீச்சர்!” என்று யாரோ கூப்பிட்டார்கள். பேக்கரி வாசலில் மாத்தயா நின்றார். ஒரு கையில் பாதி தின்ற பணிஸ் ரொட்டி. மப்ளரைக் காதுவரை சுற்றியிருந்தார். அவருடைய தமிழ் எப்போதும் தன் வழியில் நடக்கும்.

“வீடு புடிக்கல்லியா?” என்று கேட்டார்.

“ரொம்பப் புடிச்சிருக்கு மாத்தயா.”

“அப்ப ஏன் வரல்ல? எட்டு நாளா நான் பார்த்துக்கிட்டு இருக்கு. சாமான் எல்லாம் வியாழக்கிழமையே மகள் வீட்டுக்குப் போயாச்சு. இப்ப வீட்டில ஒரு பாய், ஒரு குடை, நான். அவ்வளவுதான்.”

என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். வீடு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. முன்னறையில் கதவோரமாக ஒரு பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சமையலறையில் அடுப்பைப் புதிதாகச் சாணமிட்டு மெழுகி, மூன்று விறகுகளை அழகாக அடுக்கி வைத்திருந்தார். அதில் தீ மூட்டிய தடயமே இல்லை. கந்தப்பளைக் குளிரை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும்.

“இந்தக் குளிருல அடுப்புப் பத்தவைக்காம இருந்தீங்களா?” என்றேன்.

“வியாழக்கிழமையோட என் அடுப்பு முடிஞ்சிச்சு. இது உங்க அடுப்பு. என் நெருப்பு அதில எதுக்கு?” என்றார். “சாப்பாடு பேக்கரியில. தேத்தண்ணி பேக்கரியில. பேக்கரிக்காரருக்கு இப்ப நான்தான் பெரிய ஆள்.”

வீட்டைப் பூட்டிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, அவர் குரலைத் தாழ்த்தினார். டவுனில் மரக்கறி மொத்தவியாபாரம் செய்யும் ஒருவர், வீடு சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, முன்னறையில் விதைக் கிழங்கு மூட்டைகளை இறக்கிவைக்க இரண்டு முறை வந்து கேட்டாராம். “ரெண்டு கிழமைக்கு மட்டும், பதினாலே நாள் எண்டு சொல்றாரு. நான் பூட்டிட்டுப் போனா மறுநாள் சாக்கு உள்ள வரும். உள்ள வந்த சாக்கு வெளிய போகாது டீச்சர். அதுக்குத்தான் நான் கதவுகிட்ட படுக்கிறது.”

“எங்களுக்கு ஆளனுப்பியிருக்கலாமே?”

“அனுப்பினா, கெழவனுக்கு அவசரம், வெரட்டுது எண்டு நீங்க நெனைக்கும்.”

நாங்கள் உத்தரவுக்காகக் காத்திருந்தோம் என்று நான் சொன்னேன். “எந்த உத்தரவு? யாரு தரணும்?” என்று அவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தாம் விற்றுவிட்ட வீட்டில் தாமே காவற்காரராகி, எட்டு நாள் வெறுந்தரையில் படுத்திருந்த ஒரு மனிதருக்கு முன்னால், வாங்கிய வீட்டுக்குள் நுழைய அஞ்சியிருந்த நான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று மாலை நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப, இத்தன நாளும் அந்த மனுசன் நமக்குக் காவலா இருந்திருக்காரு,” என்றார் அப்பா.

“நாளைக்கே போறோம்,” என்றாள் அம்மா.

“நாளைக்குச் சனிக்கிழமையில்ல? வீட்டுல அடியெடுத்து வைக்க...”

“சனியாவது ஒண்ணாவது. வயசான மனுசர் ஒருத்தர் நமக்காகக் குளிருல கெடக்குறப்ப, எந்தக் கெழம நல்ல கெழமங்க?”

சகுனம் பார்க்காமல் வாசல்கூடக் கூட்டாதவள் என் தாய். அவள் அப்படிப் பேசியதை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் காலை, பக்கத்துக் காம்பராக்காரியும் அவள் புருஷனும் எங்கள் பெட்டிகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு வர, நாங்கள் டவுனுக்கு நடந்தோம். அம்மா பால் செம்பைத் தானே சுமந்தாள். மாத்தயா வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதையில் இறங்கி நின்றார். வெள்ளைச் சாரத்தின்மேல் ரயில்வேக் கோட்டு அணிந்திருந்தார். ஒரு கட்டு வெற்றிலையின்மேல் சாவியை வைத்து, இரண்டு கைகளாலும் அப்பாவிடம் நீட்டினார். அப்பாவும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

பூட்டுத் திறந்தது. அப்பா கதவைத் தள்ளவில்லை. திரும்பி, “உள்ள வரலாங்களா மாத்தயா?” என்று கேட்டார்.

மாத்தயா காது கேளாதவர் போலப் பாதையின் மறுபக்கத்துக் கோவா முட்டைக்கோசுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாவிய வச்சுக்கிட்டு யாரக் கேக்குறீங்க? தள்ளுங்க, செம்பு கனக்குது,” என்று சொல்லி, அம்மா வலக்காலை எடுத்து வைத்து அவரைக் கடந்து உள்ளே போனாள். பால் பொங்கி வழிய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மாத்தயாவின் மக்களுக்கும் அதே வழக்கம் உண்டு. அவர் அடுக்கி வைத்த விறகில் அம்மா தீ மூட்டினாள். பால் பொங்கும்போது வாசலில் நின்றபடியே அவரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் மாட்டுவண்டி ஒன்று பேக்கரிப் பக்கமிருந்து ஏறி வந்தது. வண்டி நிறையச் சாக்குகள். கூடவே மரக்கறி வியாபாரியும் வந்தார். எங்கள் பெட்டிகளையும் வாசலில் நின்ற அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டையும் கண்டு, மாத்தயாவின் சாமான்களை ஏற்ற வந்த ஆள் என்று அவரை எண்ணிக்கொண்டார்.

“ஏய், பெட்டியச் சுருக்கா எடுப்பா. எனக்கு மூட்ட எறக்கணும்.”

“இங்க எறக்க ஏலாதுங்க,” என்றார் அப்பா.

“அத நீ சொல்லாத. நான் வீட்டுக்காரர்கிட்ட பேசிக்கிறேன். கொஞ்சம் தள்ளி நில்லு.”

நான் அப்பாவைப் பார்த்தேன். துரை என்றும் கிளாக்கர் என்றும் கங்காணி என்றும், சத்தமாகப் பேசிய எவருக்கும் வழிவிட்டே வாழ்ந்த கால்கள் அவருடையவை. அவர் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால் அந்தச் சாக்குகள் உள்ளே போய்விடும் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும், சட்ட வாக்கியம் தெரியும். ஆனால் அந்த இடத்தில் பேச வேண்டியவள் நானல்ல என்பதும் தெரிந்தது.

வியாபாரி மாத்தயாவிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க மாத்தயா. ரெண்டே கிழமதானே?”

“நான் என்ன சொல்றது?” என்றார் மாத்தயா. “என் குடை உள்ள இருக்கு. அத எடுக்கவே இவருகிட்ட கேக்கணும்.” பிறகு அப்பாவை நோக்கி, மிகுந்த மரியாதையோடு, “ஐயா, குடைய எடுத்துக்கலாமா?” என்றார்.

அப்பாவின் முகம் சிவந்தது. “எடுத்துக்குங்க மாத்தயா. தேத்தண்ணியும் குடிச்சிட்டுத்தான் போகணும்,” என்றார். அதன் பிறகு, நிலைப்படியில் இரண்டு கால்களையும் சேர்த்து ஊன்றி வியாபாரியைப் பார்த்தார். “நான்தாங்க வீட்டுக்காரன். மூட்டைய வேற எடத்துல எறக்கிக்குங்க.”

அந்தக் கால்கள் வழிவிடவில்லை.

வியாபாரி ஒரு கணம் அவரை மேலும் கீழும் பார்த்தார். “அப்பிடியா சங்கதி! மொதல்லயே சொல்றதுக்கென்ன? நல்லா இருங்க,” என்றார். பன்மைக்கு மாறிவிட்டதை அவரே கவனித்தாரோ என்னவோ. வண்டியைத் திருப்ப இடம் போதாமல் மாடுகளோடு மல்லாடியபோது, அப்பாவே இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்து உதவினார். அதன்பின் பல ஆண்டுகள் நாங்கள் அவரிடமே மரக்கறி வாங்கினோம்.

மூன்று மாதம் கழித்து உறுதி பதிவாகித் திரும்பியது. நான் போய் வாங்கிவந்தேன். நடந்ததைக் கேட்ட நொத்தாரிசு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சாக்கு உள்ளுக்குப் போயிருந்தா வருசக்கணக்கில வழக்கெண்டு கோட்டில நிண்டிருப்பியள். என்னிலயும் பிழைதான். உங்கட ஆக்களுக்கு நான் விளங்கச் சொல்லியிருக்க வேணும்,” என்றார். பிழையில் தம் பங்கை ஏற்றுக்கொண்ட அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கவில்லை.

மாத்தயா நாங்கள் குடிபுகுந்த அன்றே பகல் பஸ்ஸில் போய்விட்டார். அன்று பின்னேரமே கந்தப்பளை மழை பிடித்துக்கொண்டது. சமையலறை மூலையில் தகரம் துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. அடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சொட்டத் தொடங்கியது. அம்மா சட்டியை வைத்துவிட்டு, “ஏங்க, ஒழுகுது!” என்று கத்தினாள். அப்பா ஓடிவந்து, இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார்.

“அட, நம்ம வீடு ஒழுகுதுடி,” என்றார். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

அடுத்த வாரம் நானும் அவரும் நுவரெலியாவில் ஓர் இரும்புக்கடைக்குத் தகரம் வாங்கப் போனோம். கடைக்காரர் தகரத்தை அளந்து வெட்டிக்கொண்டே, எங்களைப் போன்ற எவரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“எந்தத் தோட்டம்?”

“தோட்டம் இல்லீங்க. கந்தப்பளை டவுனு. பேக்கரிக்குப் பின்னால ஏறுற பாதை. அதுல மூணாவது வீடு. பச்சக் கதவு. முன்னால ஒரு பேரிக்கா மரம் நிக்கும்.”

“ஒரு தகரத்தத் தோள்ல வச்சுக்கிட்டுப் போகப்போறீங்க. இதுக்கு இவ்வளவு பெரிய விலாசமா?” என்றார் கடைக்காரர்.

“இருக்கட்டுங்க, எழுதிக்குங்க,” என்றார் அப்பா. கடைக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து எழுதி முடிக்கும்வரை அவர் நகரவில்லை.